எண்ணூர் மேல இடி, சிமுலேட்டர்ல வெயில்: வாசகர் கேள்வி பதில்

ஃப்ளைட் சிமுலேட்டர் (கம்ப்யூட்டர்ல விமானம் ஓட்டுற ஆட்டம், சுருக்கமா சிம்) மேகம் பத்தி வந்த கேள்விங்கள்ல வடசென்னைக்காரங்க அனுப்புனத மட்டும் இந்த தடவ தனியா எடுத்து வெச்சிருக்கேன். மத்த ஊர்க்காரங்க கோச்சுக்காதீங்க, உங்களுது அடுத்த இதழ்ல வரும்.

கேள்வி: அண்ணா, நான் எண்ணூர், காலேஜ் ரெண்டாவது வருஷம். போன வாரம் சாயங்காலம் மொட்டை மாடில நிக்கிறேன், மணலி பக்கம் கருகருன்னு மேகம் கட்டிக்கினு வருது, இடி வேற. ஓடிப்போய் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர்ல லைவ் வெதர் (நிஜ வானிலைய காட்டுற வசதி) போட்டு அதே எண்ணூர் மேல பறந்தா சும்மா வெள்ளை வெள்ளையா நாலு மேகம், நல்ல வெயில். அப்புறம் என்னண்ணா லைவ்?

பதில்: தம்பி, நீ சிம்ல பார்த்தது அன்னிக்கு சாயங்கால வானத்தோட படம் கிடையாது. அன்னிக்கு பகல்ல, இல்ல காலைலயே கூட, எங்கயோ ஒரு கம்ப்யூட்டர் "சாயங்காலம் இப்பிடி இருக்கும்"னு போட்ட கணக்கு. பூமிய கட்டம் கட்டமா பிரிச்சு, ஒவ்வொரு கட்டத்துக்கு மேலயும் அடுக்கு அடுக்கா வெப்பம் எவ்ளோ, ஈரப்பதம் எவ்ளோ, காத்து எந்தப் பக்கம்னு எடுத்துக்கிட்டு, அடுத்த சில நிமிஷத்துல என்ன ஆகும், அதுக்கப்புறம் என்ன ஆகும்னு சூப்பர் கம்ப்யூட்டர்ல ஓட்டிக்கிட்டே போவாங்க, அதத்தான் வானிலை மாடல்னு சொல்றோம். நீ ஆடுற சிமுலேட்டர செஞ்சது பிரான்ஸ்ல இருக்குற அசோபோ, அவங்களுக்கு வானிலை குடுக்குறது சுவிட்சர்லாந்து பாசல் நகரத்து மீட்டியோப்ளூ. இன்னொரு சிமுலேட்டரான எக்ஸ்-பிளேன் 12 எடுத்துக்குறது அமெரிக்க அரசாங்கத்தோட ஜி.எஃப்.எஸ். மாடல். அந்த ஜி.எஃப்.எஸ். ஃபைல யாரு வேணா ஓசில எடுத்துக்கலாம், அதனால அத வெச்சே சொல்றேன், கம்பெனி மாறினாலும் கதை ஒண்ணுதான்.

ஜி.எஃப்.எஸ். ஒரு நாளைக்கு நாலு தடவ ஓடும். நம்ம நேரத்துக்கு காலைல 5.30, பகல் 11.30, சாயங்காலம் 5.30, ராத்திரி 11.30 மணி நிலவரத்த வெச்சு. ஓட ஆரம்பிச்ச உடனே ரிசல்ட் வந்துடாது, கணக்கு முடிஞ்சு ஃபைல் வெளிய வர மூணரை மணிலேர்ந்து அஞ்சு மணி நேரம் வரைக்கும் ஆகும். அப்போ நீ சாயங்காலம் மாடில நின்னப்ப சிமுலேட்டர் கையில இருந்துருக்கக்கூடியது மிஞ்சிப்போனா 11.30 மணி கணக்கு, பல நேரம் காலைல 5.30 மணி கணக்கு. மணலி மேல அந்த மேகம் கட்ட ஆரம்பிச்சதே மூணு மணிக்கு மேலதான் இருக்கும், அது அந்த கணக்குக்கு எப்பிடி தெரியும்?

சரி, நேரத்த விடு, இடத்துக்கு வா, அங்கதான் பெரிய கூத்து. ஜி.எஃப்.எஸ். வெளிய குடுக்குற ஃபைல்ல கால் டிகிரிக்கு ஒரு புள்ளி. உலகம் மொத்தத்துக்கும் ஒரு அடுக்குல 10 லட்சத்து 38 ஆயிரத்து சொச்சம் புள்ளி வரும், கேக்க நிறைய மாதிரி தெரியும். மேப்ப எடுத்து நம்ம ஊர்ல வெச்சுப் பாரு. ஒரு புள்ளி 13 டிகிரி வடக்கு, 80.25 கிழக்கு, அது அடையாறுல விழுது. அதுக்கு நேர் வடக்க அடுத்த புள்ளி 13.25, அது மீஞ்சூர் கிட்ட. நடுவுல 28 கிலோமீட்டர் கிட்ட, ஒரு புள்ளி கூட கிடையாது. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், மணலி, உங்க எண்ணூர், எல்லாம் அந்த ரெண்டு புள்ளிக்கு நடுவுல மாட்டிக்கினு இருக்கு. கிழக்கால அடுத்த ரெண்டு புள்ளியும் கடல்ல. வடசென்னைக்குன்னு தனியா ஒரு நம்பர் இல்லப்பா, அடையாறையும் மீஞ்சூரையும் கடலையும் சேர்த்து சராசரி போட்டு நடுவுல நிரப்பிக்கிறதுதான். (அரசியல் பேசுறேன்னு நெனைச்சுக்காதீங்க, மேப்ல அப்பிடித்தான் இருக்கு.)

சாயங்கால இடி மேகம் ஒண்ணு எவ்ளோ அகலம் இருக்கும்? அஞ்சு, பத்து கிலோமீட்டர். முக்கா மணி, ஒரு மணி நேரத்துல கொட்டித் தீர்த்துட்டுப் போயிடும். 28 கிலோமீட்டர் கண்ணி வலையில அது சிக்காது. மாடல் என்ன சொல்லும்னா, இந்தக் கட்டத்துல இவ்ளோ பங்கு மேகம் இருக்கும், அதுல இவ்ளோ தண்ணி இருக்கும், இந்த உயரத்துலேர்ந்து இந்த உயரம் வரைக்கும், அவ்ளோதான். கல்யாணத்துக்கு ஒரு அண்டா பிரியாணிக்கு இத்தன கிலோ கறின்னு பண்டாரி கணக்கு சொல்வாரு, உன் தட்டுல எத்தன பீஸ் விழும்னு அவரால சொல்ல முடியாது இல்ல, அதே கதை.

அப்போ சிம்ல தெரியுற ஒவ்வொரு மேகமும் எங்கேர்ந்து வருது? அத உன் கிராஃபிக்ஸ் கார்டு உருட்டிப் போடுது. வானம் முழுக்க ஒழுங்கில்லாத ஒரு நம்பர் வயல் இருக்கும், நாய்ஸ்னு சொல்வாங்க, ஒவ்வொரு இடத்துலயும் பூஜ்யத்துக்கும் ஒண்ணுக்கும் நடுவுல ஒரு நம்பர். மாடல் "40 சதவீதம் மேகம்"னு சொன்னா, சுலபமா சொல்லணும்னா, அந்த வயல்ல 0.6க்கு மேல இருக்குற இடமெல்லாம் மேகம், மிச்சமெல்லாம் நீல வானம். 80 சதவீதம்னா 0.2க்கு மேல எல்லாம் மேகம். எவ்ளோ மேகம்னு மாடல் சொல்லுது, எந்த மேகம் எங்கன்னு நாய்ஸ் சொல்லுது. உன் பக்கத்து வீட்டுப் பையனும் அதே நேரத்துல அதே இடத்துல வேற சிமுலேட்டர்ல பறந்தா அவனுக்கு எண்ணூர் முகத்துவாரம் மேல மேகம் இருக்கும், உனக்கு இருக்காது, ரெண்டு பேருக்கும் மொத்த அளவு மட்டும் ஏறக்குறைய ஒண்ணா இருக்கலாம்.

ஒரு விஷயம் மட்டும் ஓரளவு நம்பலாம், மேகத்தோட அடி உயரம். நம்ம ஊரு பகல் மேகத்தோட அடிப்பாகம் ஒரே மட்டமா இருக்கும், கவனிச்சிருப்ப. தரையில இருக்குற வெப்பத்துக்கும் பனிப்புள்ளிக்கும் (காத்துல இருக்குற ஈரம் துளியா மாற ஆரம்பிக்கிற வெப்பம்) இருக்குற வித்தியாசத்த 400ஆல பெருக்கினா அடி உயரம் அடிக்கணக்குல வந்துடும். வெயில் 34, பனிப்புள்ளி 26னா 8 டிகிரி, 3,200 அடி. இது 28 கிலோமீட்டருக்குள்ள பெருசா மாறாது, அதனால மாடலும் இத நல்லாவே புடிக்கும். அடுத்த தடவ இடத்த தேடாத, உயரத்த செக் பண்ணு.

"சாட்டிலைட்டு படம்தான் இருக்கே, அதையே ஒட்டிட வேண்டியதுதான"ன்னு அடுத்த கேள்வி வரும்னு தெரியும். சாட்டிலைட்டு மேலேர்ந்து பார்க்குது, அதுக்கு மேகத்தோட தலைதான் தெரியும். அடி எந்த உயரம், நடுவுல இடைவெளி இருக்கா, கீழ இன்னொரு அடுக்கு ஒளிஞ்சிருக்கான்னு அந்தப் படம் சொல்லாது, பைலட்டுக்கு வேண்டியது அதுதான். சாட்டிலைட்டு தகவல் மாடல் உள்ள போகத்தான் செய்யுது, ஆரம்ப நிலவரத்த சரி பண்றதுக்கு. அப்பிடியே படமா ஒட்டுறதுக்கு இல்ல.

கேள்வி: எக்ஸ்-பிளேன்ல சென்னை ஏர்போர்ட் கிட்ட இருக்குற மேகம் ஒரு மாதிரியும் கொஞ்சம் தள்ளிப் போனா வேற மாதிரியும் இருக்கு. மெட்டார்னு ஏதோ சொல்றாங்க, அதுக்கும் மாடலுக்கும் என்ன சம்பந்தம்? (தண்டையார்பேட்டை)

பதில்: மெட்டார்ங்குறது ஏர்போர்ட்ல நிஜமா அளந்து போடுற அறிக்கை. மீனம்பாக்கத்துல அரை மணிக்கு ஒரு தடவ வரும். காத்து, பார்வை தூரம், மழை, மேகம், வெப்பம், பனிப்புள்ளி, காத்தழுத்தம், எல்லாம் ஒரே வரியில. மேகத்தோட அடிய அளக்க லேசர மேல அடிச்சுப் பார்க்குற கருவி இருக்கு, சீலோமீட்டர்னு. வானத்த எட்டு பங்காப் போட்டு, ஒண்ணு ரெண்டு பங்கு மேகம்னா ஃபியூ, மூணு நாலுன்னா ஸ்கேட்டர்டு, அஞ்சுலேர்ந்து ஏழு வரைக்கும் புரோக்கன், எட்டும் மூடிட்டா ஓவர்காஸ்ட்.

இது கணிப்பு இல்ல, பார்த்து சொன்னது, அதனால நம்பகம் ஜாஸ்தி. ஆனா ஒரே இடத்துக்கு மட்டும். மீனம்பாக்கத்துல நிக்கிறவருக்கு எண்ணூர் மேல என்ன இருக்குன்னு தெரியாது. சிமுலேட்டர் என்ன பண்ணுது, ஏர்போர்ட்ட சுத்தி மெட்டார நம்புது, தூரம் போகப்போக மாடல்கிட்ட ஒப்படைச்சிடுது. ரெண்டும் ஒத்துப்போற அன்னிக்கு உனக்கு எதுவும் தெரியாது, ஒத்துப்போகாத அன்னிக்கு ஏர்போர்ட்ட சுத்தி மட்டும் வட்டமா வேற வானம் தெரியும். மைக்ரோசாஃப்ட் சிம் 2020 ஆகஸ்ட்ல வந்தப்ப மாடல் மட்டும்தான் இருந்துச்சு. வாட்சிம் மாதிரி ஆன்லைன் நெட்வொர்க்ல பறக்குறவங்களுக்கு கன்ட்ரோலர் மெட்டார பார்த்து ஒரு காத்து சொல்வாரு, சிம்ல வேற காத்து அடிக்கும், எந்த ரன்வேயில இறங்குறதுன்னே குழப்பம். நெறைய பேர் கத்துனாங்க, அப்புறம் வந்த அப்டேட்ல மெட்டாரையும் கலந்தாங்க.

மெட்டார் ஏன் வேணும்னு கேட்டா போகி ஒண்ணு போதும். நம்ம ஏரியாவுல விடியக்காலைல மேளம் அடிச்சு டயர் கொளுத்துறத மாடலுக்கு யாரு போய் சொல்றது? மாடல் அன்னிக்கு தெளிஞ்ச வானம், லேசான பனின்னு ஏதாவது சொல்லும். 2018 ஜனவரி 13, போகி அன்னிக்கு பனியோட புகையும் சேர்ந்து சென்னை ஏர்போர்ட்ல ரன்வேயே தெரியல, பல விமானம் லேட்டு, சிலத வேற ஊருக்குத் திருப்பி விட்டாங்க. மெட்டார்ல பார்வை தூரம் இத்தன மீட்டர், காரணம் புகைன்னு நேராவே வந்துடும், சிமுலேட்டர் அத எடுத்துக்கிட்டா உனக்கும் புகைமூட்டம் கெடைக்கும்.

மெட்டார மட்டுமே நம்பினாலும் ஆபத்து இருக்கு. "காவோகே"ன்னு ஒரு சொல் வரும். பார்வை 10 கிலோமீட்டருக்கு மேல, 5,000 அடிக்குக் கீழ மேகம் இல்ல, இடிமேகமும் இல்லன்னு அர்த்தம். 30,000 அடியில மெல்லிசா வெள்ளை மேகம் வானம் பூரா பரவிக் கெடந்தாலும் அந்த வார்த்தை அத சொல்லாது. மெட்டார மட்டும் வெச்சு ஓட்டுன பழைய சிமுலேட்டர்ல அந்த மாதிரி நாள்ல வானம் மொட்டையா இருந்ததுக்கு இது ஒரு காரணம்.

கேள்வி: நாங்க காசிமேடு, படகு வெச்சிருக்கோம். தம்பி பையன் கம்ப்யூட்டர்ல காத்து, மேகம் எல்லாம் காட்டுறான், நிஜ தகவலாம். கடலுக்குப் போறதுக்கு முன்னாடி இதப் பார்த்துக்கலாமா?

பதில்: வேணாம்ணே. பையன்கிட்ட கோவிச்சுக்காதீங்க, அவன் சொல்றதுல தப்பில்ல, காத்து நம்பர் நிஜ மாடல்லேர்ந்துதான் வருது. ஆனா அது விமானம் ஓட்டுறதுக்காக செஞ்சது, அலை உயரம், நீரோட்டம் பத்தி உங்களுக்கு வேண்டிய அளவுக்கு எதுவும் இருக்காது. வானிலைத் துறையோட மீனவர் எச்சரிக்கையும் ஐதராபாத்ல இருக்குற இன்காய்ஸ்ங்கிற கடல் தகவல் மையம் குடுக்குற கடல் நிலவரமும் பாருங்க. வாடை ஏறுற மாசத்துல நீங்க கரையில நின்னு பார்த்து சொல்றதுக்கு முன்னாடி அந்த சிமுலேட்டரு பச்சக் குழந்தை.

கேள்வி: துறைமுகத்துல வேல பார்த்து ரிட்டையர் ஆனவன் நான், ராயபுரம். எங்க ஆபீஸ் பக்கத்து நூற்றாண்டு கட்டடத்து மொட்டை மாடில பெரிய வெள்ளை உருண்டைக்குள்ள ராடார் இருக்கு. மழைய அவ்ளோ துல்லியமா அது காட்டும்போது இந்த விளையாட்டுக்காரங்க ஏன் அத எடுத்துக்கல?

பதில்: ஐயா, நல்ல எடத்துல கை வெச்சீங்க. அது 2002ல வந்தது, இந்திய வானிலைத் துறையோட முதல் டாப்ளர் ராடார். எஸ்-பேண்ட், அதாவது அது அனுப்புற அலை ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் நீளம். புயல் வர்ற நேரத்துல டி.வி.யில சுத்திச் சுத்தி காட்டுற கலர் படம் அதுலேர்ந்து வந்ததுதான், நீங்களும் பார்த்திருப்பீங்க.

ஆனா அந்த ராடாருக்கு மேகம் தெரியாது, மழைதான் தெரியும். மேகத்துல இருக்குற துளி ரொம்ப சின்னது, 0.02 மில்லிமீட்டர்தான் இருக்கும். மழைத்துளி 2 மில்லிமீட்டர், அதாவது 100 மடங்கு பெருசு. ராடார்ல திரும்பி வர்ற பலம் துளியோட விட்டத்த ஆறு தடவ பெருக்கின அளவுல ஏறும். 100ஐ ஆறு தடவ பெருக்கிப் பாருங்க, லட்சம் கோடி மடங்கு. ஒரு மழைத்துளி குடுக்குற எதிரொலிக்கு லட்சம் கோடி மேகத்துளி சேரணும். அதனால ராயபுரம் மேல வெள்ளை மேகம் அழகா மிதக்கும், ராடார் படத்துல ஒண்ணுமே இருக்காது. சிமுலேட்டருக்கு அந்த வெள்ளை மேகமும் வேணும், மேகம் இல்லாத இடமும் வேணும், உலகம் பூரா ஒரே மாதிரி வேணும். வங்கக்கடல் நடுவுல ராடார் யாரு வெப்பா? நம்ம துறைமுக ராடாருக்கு எட்டுறதே சில நூறு கிலோமீட்டர்தான்.

ஆனா என்னக் கேட்டா, இடிமேகம் எங்க நிக்குதுன்னு மட்டுமாவது ராடார்லேர்ந்து எடுத்து மாடலோட மேகத்துல ஒரு தட்டு தட்டி அந்த இடத்துக்கு நகர்த்தலாம். எண்ணூர் தம்பி கேட்ட கேள்விக்கு அதுதான் நிஜமான மருந்து.

கேள்வி: மிச்சாங் அன்னிக்கு கரண்டே இல்ல, சிம் ஓட்ட முடியல. 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் அன்னிக்கு விடாம ஓட்டினேன், காத்து, மழை, மேகம் எல்லாம் தூள். சாதா மழைக்கு சொதப்புறது புயலுக்கு மட்டும் எப்பிடி சரியா வருது? (பெரம்பூர்)

பதில்: மேல எண்ணூர் தம்பிக்கு சொன்னத படிச்சீங்கன்னா பாதி பதில் கெடைச்சிடும். புயல்னா பல நூறு கிலோமீட்டர் அகலம், நாள் கணக்குல உயிரோட இருக்கும். 28 கிலோமீட்டர் வலைல இடிமேகம் நழுவும், புயல் முழுசா விழும். அதோட புயல ஒரு வாரம் முன்னாடிலேர்ந்தே எல்லா மாடலும் துரத்திக்கிட்டு இருக்கும், காலைல போட்ட கணக்குக்கும் சாயங்காலத்துக்கும் பெரிய வித்தியாசம் வராது. அதனாலதான் பெரிய விஷயத்துல ஜெயிச்சு சின்ன விஷயத்துல கோட்டை விடுது, நாம நெனைக்கிறதுக்கு நேர் தலைகீழ். 2020ல சிமுலேட்டர் வந்த சூட்டோட அமெரிக்காவுல லாரான்னு ஒரு புயல், ஆகஸ்ட் 27 லூசியானா கரைய கடந்துச்சு, ஆயிரக்கணக்குல வீட்ல உக்காந்தவங்க அதுக்குள்ள பறந்து படம் எடுத்துப் போட்டு உலகம் பூரா சுத்துச்சு.

புயலோட கண்ணுக்குள்ள போனா மட்டும் பொய் தெரியும். கண்ணோட சுவர் சில பத்து கிலோமீட்டர் சமாச்சாரம், அங்க மறுபடியும் கட்டம் பத்தாது, காத்து நிஜத்த விட கொறைச்சலாவும் சுவர் மழுங்கியும் இருக்கும். இதுக்கு ஒரே வழி கட்டத்த சின்னதாக்குறது. புனே ஐ.ஐ.டி.எம்.ங்கிற வானிலை ஆராய்ச்சி நிலையத்துல செஞ்ச பாரத் ஃபோர்காஸ்ட் சிஸ்டம்ங்கிற மாடல் 2025 மே மாசத்துல வேலைக்கு வந்துச்சு, அதுல கட்டம் 6 கிலோமீட்டர். அந்த அளவுல எண்ணூருக்கும் ராயபுரத்துக்கும் தனித்தனி கட்டம் கெடைக்கும். சிமுலேட்டர் கம்பெனிங்க அத எடுக்குமா எடுக்காதாங்கிறது வேற கதை.

இன்னொண்ணு, ஃபெஞ்சல் அன்னிக்கு நிஜ ஏர்போர்ட்ட மூடிட்டாங்க. நீங்க செஸ்னா 172ங்கிற சின்ன விமானத்துல இறங்குனேன்னு கடிதத்துல எழுதியிருக்கீங்க. அந்த விமானத்துக்கு பக்கவாட்டுக் காத்துல இறங்கிக் காட்டின அளவு 15 நாட், அதாவது மணிக்கு 28 கிலோமீட்டர் கிட்ட. அன்னிக்கு வீசுனது அதுக்கு ரொம்ப மேல. நல்லா இறங்குனீங்கன்னா செட்டிங்ஸ்ல ஏதோ ஈஸி மோடு ஆன்ல இருக்கு, பாருங்க.

கேள்வி: எம்.சி. ரோடு பக்கம் கடை வெச்சிருக்கேன், ராத்திரில ஒரு மணி நேரம் சிம் ஓட்டுவேன். மேகத்துக்குள்ள போனா புள்ளி புள்ளியா மணல் தூவின மாதிரி தெரியுது, விமானத்த சாய்ச்சா மேகம் இழுபடுது. கார்டு போச்சா? பர்மா பஜார்ல செகண்ட் ஹேண்ட் வாங்கினது.

பதில்: கார்டு போகல பாஸ், அது கஷ்டப்படுது. பழைய சிமுலேட்டர்ல, 2003, 2006 காலத்துல, மேகம்னா தட்டையான படம். கேமரா எந்தப் பக்கம் திரும்புதோ அந்தப் பக்கம் மூஞ்சிய திருப்பிக்கும், உள்ள பூந்தா அட்டை சுத்துறது தெரியும். அது கார்டுக்கு லேசு. இப்ப இருக்குறது வால்யூமெட்ரிக், மேகத்துக்கு உள்ளயும் கணக்கு இருக்கு.

எப்பிடின்னா, உங்க ஸ்கிரீன்ல 1920க்கு 1080னா 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளி. ஒவ்வொரு புள்ளிலேர்ந்தும் கண்ணுக்கு நேரா ஒரு கோடு வானத்துக்குள்ள போகும். அந்தக் கோட்டுல அடி மேல அடி வெச்சு, ஒவ்வொரு அடிக்கும் "இங்க மேகம் இருக்கா, எவ்ளோ அடர்த்தி"ன்னு நான் மேல சொன்ன நாய்ஸ் வயல கேக்கும். ஒரு கோட்டுல 64 தடவ அடி எடுத்து வெச்சாலே ஒரு ஃப்ரேமுக்கு (ஸ்கிரீன்ல வர்ற ஒரு படத்துக்கு) 13 கோடி தடவ கேக்கணும், செகண்டுக்கு 30 ஃப்ரேம்னா 400 கோடி கிட்ட. அதோட முடியல, ஒவ்வொரு அடிலேர்ந்தும் சூரியன் பக்கம் இன்னும் சில அடி வெச்சு வெளிச்சம் எவ்ளோ உள்ள வருதுன்னும் பார்க்கணும், இல்லன்னா மேகத்தோட அடிப்பக்கம் கருக்காது, எல்லாம் வெள்ளையா சுண்ணாம்பு அடிச்சாப்புல இருக்கும்.

இத எந்த கார்டாலயும் முழுசா செய்ய முடியாது, அதனால திருட்டு வேலை பண்றாங்க. கெரில்லாங்கிற நெதர்லாந்து கேம் கம்பெனிக்காரங்க 2015ல சிக்ராஃப்ங்கிற கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் மாநாட்டுல வெளிப்படையாவே சொன்ன வழி, ஒரு ஃப்ரேமுக்கு 16 புள்ளியில ஒண்ண மட்டும் புதுசா கணக்கு போடு, மிச்சம் 15ஐ போன ஃப்ரேம்லேர்ந்து நகர்த்தி ஒட்டு. இந்த மாதிரி வித்தை இப்ப எல்லா இடத்துலயும் இருக்கு. நேரா பறக்குற வரைக்கும் கண்ணுக்குத் தெரியாது. நீங்க டக்குனு சாய்ச்சா பழைய புள்ளிங்க புது இடத்துக்குப் பொருந்தாது, செகண்டுக்கு 30 ஃப்ரேம் ஓடுனா 16 ஃப்ரேம் முடிஞ்சு எல்லாம் புதுசாக அரை செகண்டு ஆகும், அந்த அரை செகண்டுதான் உங்க இழுவை. மணல் தூவினது எதுக்குன்னா, அடிய பெருசு பெருசா வெச்சா மேகத்துல படிக்கட்டு மாதிரி கோடு விழும், அத மறைக்க ஒவ்வொரு கோட்டோட ஆரம்பத்தையும் வேணும்னே கொஞ்சம் கலைச்சு விடுவாங்க, அது புள்ளியாத் தெரியும். வால்யூமெட்ரிக் கிளவுட்ஸ் செட்டிங்க அல்ட்ராலேர்ந்து ஹைக்கு எறக்குங்க, மிச்சமாகுற பலத்துல ஃப்ரேம் கூடும், ஃப்ரேம் கூடுனா இழுவை தானா கொறையும். அல்ட்ராவுக்கும் ஹைக்கும் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் கிடையாது, அதுக்காக கார்டு மாத்தாதீங்க.

அந்த நாய்ஸ் வந்த கதை சுவாரசியம். கென் பெர்லின்னு ஒருத்தர், 1980கள் ஆரம்பத்துல ஹாலிவுட் படம் ஒண்ணுக்கு கம்ப்யூட்டர் காட்சி செஞ்சாரு, எல்லாம் மெஷின் மாதிரி வழுவழுன்னு இருக்கேன்னு கடுப்பாகி கண்டுபுடிச்சது. பின்னாடி அதுக்கு ஆஸ்கர் அகாடமியோட தொழில்நுட்ப விருதே குடுத்தாங்க. மேகத்தோட மொட்டு மொட்டான தலை மட்டும் அதுல வராது, அதுக்கு 1996ல ஸ்டீவன் வொர்லி குடுத்த இன்னொரு நாய்ஸ கலக்குறாங்க. சாயங்கால சூரியன் பக்கம் பார்த்தா மேகத்தோட ஓரம் மின்னும் பாருங்க, அதுக்குப் போடுற சூத்திரம் 1941ல ஹென்யே, கிரீன்ஸ்டைன்னு ரெண்டு வானியல்காரங்க நட்சத்திரங்களுக்கு நடுவுல இருக்குற தூசுக்காக எழுதினது. அவங்களுக்குத் தெரியுமா எம்.சி. ரோட்ல ஒருத்தர் ராத்திரி கடைய சாத்திட்டு அத ஓட்டுவாருன்னு.

கேள்வி: என் பையன் பிளஸ் ஒன் படிக்கிறான். எந்நேரமும் இந்த ஃப்ளைட் ஆட்டம்தான், கேட்டா பைலட் ஆகப்போறேன், இது படிப்புங்கிறான். நெசமா? (வியாசர்பாடி)

பதில்: அக்கா, பாதி நெசம். வீட்ல ஓட்டுற நேரம் எதுவும் லைசென்ஸுக்கு கணக்குல வராது, அத அவன்கிட்ட அழுத்திச் சொல்லிடுங்க. ஆனா டி.ஜி.சி.ஏ.ங்கிற மத்திய அரசு விமானத் துறை அமைப்பு நடத்துற கமர்ஷியல் பைலட் பரீட்சையில விமான வானிலைன்னு தனி பேப்பரே இருக்கு, மெட்டார் படிக்கிறது, மேக வகை, காத்து எல்லாம் அதுல வரும். பையன கூப்பிட்டு இன்னிக்கு மீனம்பாக்கம் மெட்டார எடுத்து ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் சொல்லச் சொல்லுங்க. கடகடன்னு சொன்னான்னா ஒரு மணி நேரம் விடுங்க. முழிச்சான்னா ஆட்டம்தான் ஆடுறான்.

கேள்வி: மொபைல் ஹாட்ஸ்பாட்ல ஓட்டுறேன், லைவ் வெதர் போட்டா டேட்டா சீக்கிரம் தீர்ந்துடுமா? (கொருக்குப்பேட்டை)

பதில்: டேட்டாவ தின்னுறது வானிலை இல்ல, தரைப் படம். வானிலைன்னு வர்றது வெறும் நம்பர், மேகத்த வரையுறது உங்க கார்டு. மைக்ரோசாஃப்ட் 2020ல டேட்டா செட்டிங்ஸ் போய் பிங் தரைப் படத்தையும் போட்டோகிராமெட்ரியையும் (போட்டோலேர்ந்து செஞ்ச முப்பரிமாணக் கட்டடங்க) ஆஃப் பண்ணிட்டு லைவ் வெதர மட்டும் விட்டுடுங்க. கீழ ஊர் சப்பையாத் தெரியும், மேல வானம் அப்பிடியே இருக்கும். 2024 பதிப்பு வெச்சிருந்தா அது பெரும்பாலும் எல்லாத்தையும் நெட்லேர்ந்தே எடுக்கும், அத ஹாட்ஸ்பாட்ல ஓட்டாதீங்க.